ஒன்பது செக்கன்

ஒன்பது செக்கன். ஒரு புள்ளி பின்னுக்கு.
வவுனியாப் பிள்ளைகள் போட்ட பந்து
வலையைவிட்டு இன்னும் முழுதாய் இறங்கவில்லை.
மேசையில் இருந்த கணக்கு ரீச்சர்
என் கைகளைப் பார்க்கிறா.
ஒரு உள்ளங்கையைப் படுக்கவைத்து
மற்றக் கையின் விரல்களை அதன்கீழ் நிறுத்தினால் போதும்,
ஒரு நிமிடம் எனக்குச் சொந்தம்.
ஒரு ரைம் அவுட் மிச்சமும் இருந்தது.
கூப்பிடுங்கோ, கூப்பிடுங்கோ என்று
முதுகுக்குப் பின்னால் ஞானசீலன் சேர்.

கூப்பிடவில்லை.

கம்சிகா பந்தை வாங்கினாள்.
கிளிநொச்சி வெயிலில் வெடித்த சீமெந்து,
அதில் மூன்று தட்டு, நடுக்கோடு தாண்டி
வலம் போவதுபோல் இடம் போனாள்.
இரண்டு பேர் வந்து மறிக்க
ஒருநாளும் எறியாத பிள்ளைக்குக் கொடுத்தாள்,
யாழரசிக்கு.
யாழரசி எறிந்தாள்.
வளையத்தில் இரண்டு சுற்று.
வெளியே.

அதன்பிறகு ஊர் முழுக்க மறுமொழி சொன்னேன்.

அதிபருக்கு:
நிறுத்தினால் அவைக்கும்தானே அந்த நிமிடம், சேர்.
இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கின
பதினோராம் இலக்கம் தண்ணி குடிச்சிருப்பாள்.
ஆருக்கு ஆர் காவல் என்று
அவையின்ர மாஸ்ரர் பிரிச்சு விட்டிருப்பார்.
கலைஞ்சு நிண்டவையை அடுக்கிவைக்க
நான் ஏன் உதவ வேணும்?
அதிபர் மெல்லத் தலையாட்டினார்.
எங்கள் பக்கத்தில் நிறுத்தம் என்ற சொல்லுக்கு
அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஞானசீலன் சேருக்கு:
போன வருசம் முல்லைத்தீவில் கூப்பிட்டனான், நினைவிருக்கா?
மாக்கர் எழுதவில்லை.
பலகையில் நகத்தால் கீறிக் காட்டினன்.
ஐந்து பேரும் குனிந்து என் நகத்தைப் பார்த்தார்கள்,
நான் கீறின இடத்துக்கே ஒழுங்காய்ப் போனார்கள்,
மற்றப் பள்ளிக்கூடமும் அங்கேதான் நிண்டது.
மாக்கர் வாங்கியிருக்கலாமே, என்றார் அவர்.

யாழரசியின் அம்மா கேற்றடியில் மறித்தா.
நீங்கள் நிப்பாட்டிச் சொல்லிக் குடுத்திருந்தால்
இவளிட்ட அந்தப் பந்து வந்திராதுதானே ரீச்சர்?
உங்கட மகள் மட்டும்தான் அதில் தனிய நிண்டவள், என்றேன்.
உண்மை அது.
சைக்கிளை ஏறாமல் உருட்டிக்கொண்டே போனா.

வளையம் கொஞ்சம் இரங்கியிருந்தால்
இவ்வளவு கதையும் இல்லை.
துணிச்சல்காரி என்று பின்னேரக் கூட்டத்தில்
ஒரு மாலை போட்டிருப்பார்கள்,
ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு காகமும் கேட்டிராது.

ஆனால் இந்த மறுமொழி எல்லாவற்றுக்கும் முன்னம்,
அன்றைக்கு வரும்போதே, பஸ்ஸில்,
தருமபுரம் தாண்ட
கம்சிகா எழும்பி வந்து பக்கத்தில் இருந்தாள்.
மிஸ், கூப்பிட்டிருந்தால் என்ன கீறியிருப்பீங்கள்?

அவளிடம் மட்டும்தான் சொன்னேன்.
ஒண்டும் இல்லைப் பிள்ளை.
பந்து வலையால விழ, என்ர தலை வெளிச்சுப் போச்சு.
ஒரு நிமிசம் தந்திருந்தால்
அந்த வெறும் வெள்ளையைத்தான்
உங்கள் ஐந்து பேருக்கும் தூக்கிக் காட்டியிருப்பன்.
நீ ஏற்கெனவே ஓடத் தொடங்கிட்டாய்.
உன்ர கால் என்னைவிடத் தெளிவாய் இருந்தது.

அவள் சிரிக்கவில்லை.
என் பைக்குள் கையை விட்டுப் பலகையை எடுத்தாள்.
இந்த முறை மாக்கர் புதிது.
ஐந்து புள்ளி வைத்தாள், தன்னைச் சுற்றி ஒரு வட்டம்,
ஓடின வழியைக் கீறத் தொடங்கினாள்,
வலம், பிறகு இடம்,
விசுவமடுப் பள்ளத்தில் பஸ் விழுந்தெழும்ப
கோடு பலகையை விட்டிறங்கி
அவள் முழங்காலில் ஏறியது.
விரலால் துடைத்தாள். நீலம் இன்னும் பரவியது.

இதில வரேக்கதான் மிஸ், என்றாள்
பலகையின் ஓரத்தைத் தொட்டு,
இதில வரேக்கதான்
யாழரசிக்குக் குடு எண்டு நீங்கள் கத்தினது கேட்டது.

நான் வாயே திறக்கவில்லை.
பின் இருக்கையில், கண்ணாடியில் நெற்றியை ஒட்டி
யாழரசி நித்திரைபோல் கிடந்தாள்,
நித்திரை இல்லை.

ஓம், என்றேன்.